அரிய குடும்பப் பெயரின் ஊரைக் கண்டுபிடிப்பது: மர்கட்ராய்ட் வழியாக ஒரு பயிற்சி

ஸ்மித், டெய்லர், ஜோன்ஸ் என்ற பெயர்களைத் தேடி வந்தவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். கொல்லரும் தையற்காரரும் ஜானின் மகனும் இல்லாத வட்டாரம் பிரிட்டனில் இருந்ததில்லை. அந்தப் பெயர்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே முளைத்தவை. அவற்றின் பொருளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் குடும்பம் எங்கே தொடங்கியது என்று அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. அரிய பெயரின் கதை வேறு. அதன் பொருள் சட்டென்று பிடிபடாது, ஊர் பிடிபட்டுவிடும். தேடுகிறவருக்கு அரிய பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் பெயர் மர்கட்ராய்ட். முதல் முறை கேட்கும் ஆங்கிலேயருக்கேகூட இது நாடகத்துக்காக யாரோ கட்டிய பெயரோ என்று தோன்றும். உண்மையில் இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதியில், 14-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆவணங்களில் வரும் பெயர் இது. உங்கள் கையில் இருப்பது வேறு பெயராக இருக்கலாம். வேலை வரிசை மாறாது: முதலில் வரைபடம், பிறகு ஆவணம், அதற்குப் பிறகு எழுத்துக்கூட்டல், கடைசியில்தான் பொருள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரைக் கணினியில் தட்டி, முதலில் கிடைக்கும் பொருளை நம்பி, அதற்கேற்ற ஊரைத் தேடிப் போய் ஆண்டுக்கணக்கில் தவறான மாவட்டத்தில் அலைகிறார்கள்.

வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

1881 ஏப்ரல் 3-ஆம் தேதி எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உங்கள் முதல் கருவி. இதைப் பரிந்துரைக்க இரண்டு காரணங்கள். ஒன்று, தன்னார்வலர்கள் இதை முழுவதும் படியெடுத்திருக்கிறார்கள். ஃபேமிலி சர்ச் தளத்தில் காசில்லாமல் தேடலாம். மற்றது, ரயில் வந்துவிட்டிருந்தாலும் பெயர்கள் அப்போது இன்றைய அளவுக்குச் சிதறவில்லை. 500 ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளத்தாக்கில் தோன்றிய பெயரின் பெரும்பகுதி, 1881-லும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவுக்குள்ளேயே இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

மர்கட்ராய்டைத் தேடினால் கூட்டம் வெஸ்ட் ரைடிங்கில் நிற்கும். அதிலும் ஹாலிஃபாக்ஸ், பிராட்ஃபோர்ட் சுற்றுவட்டாரம். பக்கத்து லங்காஷயரில் கொஞ்சம் தெறித்திருக்கும். பஞ்சாலைகள் இழுத்த கூட்டம் அது. தெற்கு இங்கிலாந்து அநேகமாகக் காலி. ஸ்டீவ் ஆர்ச்சர் உருவாக்கிய 19-ஆம் நூற்றாண்டுக் குடும்பப் பெயர் வரைபட மென்பொருளில் இதை வண்ணத்தில் பார்க்கலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் புவியியலாளர்கள் உருவாக்கிய வரைபடம் பழைய கணக்கெடுப்பையும் இக்கால வாக்காளர் பட்டியலையும் ஒப்பிட்டுக் காட்டும்.

வரைபடத்தில் தலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். லண்டனில் எந்தப் பெயரும் நாலைந்து பேரிடமாவது இருக்கும், ஊர் அவ்வளவு பெரியது. பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைப் பாருங்கள். இன்னொன்று: 1881-இல் ஒரே ஒரு வீட்டில் மட்டும், வேறெங்கும் இல்லாத விசித்திரப் பெயர் ஒன்று கிடைத்தால் குதிக்க வேண்டாம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். படியெடுத்தவர் கையெழுத்தைத் தவறாகப் படித்ததால் மட்டுமே பிறந்த பெயர்கள் நிறைய உண்டு.

பின்னோக்கி நடப்பது

வட்டாரம் தெரிந்ததும் ஒவ்வொரு படியாகப் பின்னே போக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் அரசு முறை 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. ஃப்ரீ பி.எம்.டி. தளத்தில் அதன் காலாண்டு அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கும். தொடக்க காலப் பிறப்புப் பதிவுகளில் ஓட்டைகள் உண்டு. பதியாத பெற்றோருக்குத் தண்டனை என்று சட்டம் இறுகியது 1875-இல்தான். 1911-இன் பிற்பகுதியிலிருந்து அட்டவணையிலேயே தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அச்சாகிறது. அரிய பெயர்க்காரர்களுக்கு இது பெரிய வரம், ஒரே மாலையில் ஒரு தலைமுறையின் குடும்பங்களைப் பிரித்து அடுக்கிவிடலாம்.

கணக்கெடுப்புகளில் 1841-ஐ நம்பி அதிகம் கட்டாதீர்கள். அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரைக் கேட்கவில்லை, இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்று மட்டும் கேட்டார்கள். 1851 முதல் பிறந்த திருச்சபை வட்டாரம் எழுதப்பட்டிருக்கும். 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942-இல் தீயில் போய்விட்டன, 1941-இல் போரினால் கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939-இல் எடுத்த தேசியப் பதிவேடுதான் துணை.

1837-க்கு முன்னால் நம் வேலை தேவாலயப் பதிவேடுகளோடு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் போட்ட ஆணையால் தொடங்கியவை அவை. பல ஊர்களில் முதல் ஏடுகள் அழிந்துவிட்டன. ஹாலிஃபாக்ஸின் பதிவேடு அந்த முதல் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இங்கே ஒரு பொறி. ஹாலிஃபாக்ஸ் இங்கிலாந்தின் மிகப் பெரிய திருச்சபை வட்டாரங்களில் ஒன்று. மேட்டு நிலங்களும் பள்ளத்தாக்குகளுமாக இருபதுக்கும் மேற்பட்ட ஊர்ப் பிரிவுகள் அதற்குள் அடக்கம். 'ஹாலிஃபாக்ஸில் ஞானஸ்நானம்' என்று இருந்தால் குடும்பம் நகரத்தில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவேட்டின் ஓரத்தில் வார்லி, சவர்பி, ஓவன்டன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மர்கட்ராய்டுகளுக்கு அங்கே கிடைக்கும் முக்கியமான சொல் வார்லி.

தேதிகளிலும் விழிப்பு வேண்டும். 1752-க்கு முன் ஆங்கிலேயரின் சட்ட ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1640 ஜனவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1641. இதை மறந்தால் பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்! உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642-லிருந்து 1660 வரை பல ஊர்களில் பதிவுகள் அரைகுறை. அப்போது உயில்களுக்குப் போங்கள். வடக்கத்திய உயில்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தில் இருக்கின்றன. சொத்துள்ள கிளை ஒன்று இருந்தால் தேடல் சுலபம். மர்கட்ராய்டுகளில் அப்படி ஒருவர் ஜேம்ஸ் மர்கட்ராய்ட், ஹாலிஃபாக்ஸ் பகுதியின் செல்வந்தத் துணி வணிகர். 1630-களின் இறுதியில் கீத்லிக்கு அருகே ஈஸ்ட் ரிடில்ஸ்டன் மாளிகையை வாங்கிக் கட்டியெழுப்பினார். அது இன்று நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பில் இருக்கிறது. கம்பளித் துணிதான் அந்த மலைச்சரிவுகளில் பணம் ஈட்டித் தந்தது. குடும்பம் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்ததற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

1538-க்கும் முன்னால் போக முடியுமா? பெரும்பாலான பெயர்களுக்கு முடியாது. இந்த வட்டாரத்துக்கு முடியும். வார்லி வேக்ஃபீல்ட் பண்ணை நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தது. 1274-லிருந்து எஞ்சியிருக்கும் அந்த நீதிமன்றச் சுருள்கள் இன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. யுனெஸ்கோவின் பிரிட்டிஷ் நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றவை. யார் வேலியை உடைத்தார், யார் நிலத்தைக் கைமாற்றினார், யார் அனுமதியில்லாமல் மரம் வெட்டினார் என்று சாதாரணக் குடியானவர்களின் வாழ்க்கை அதில் கிடக்கிறது. லத்தீன் தெரியாதே என்று அஞ்ச வேண்டாம், கணிசமான பகுதி ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிடப்பட்டிருக்கிறது. அதோடு 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்களும் உண்டு. 1379-இல் 16 வயதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்தபட்ச வரி நாலு பென்னி. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே வரி. அதனால் மனைவியரில் பலருக்கு அங்கே பெயர்கூட இருக்காது.

எழுத்துக்கூட்டலின் விளையாட்டு

17-ஆம் நூற்றாண்டுவரை தன் பெயரை எப்படி எழுதுவது என்று ஹாலிஃபாக்ஸ் குடியானவர் தீர்மானிக்கவில்லை, பாதிரியாரும் குமாஸ்தாவும் காதில் விழுந்ததை எழுதினார்கள். மர்கட்ராய்ட், மெர்கட்ராய்ட், மார்கட்ராய்ட், மர்கெட்ராட், மோர்கட்ராட் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். ஒரே ஆளின் ஞானஸ்நானத்திலும் அடக்கத்திலும் வெவ்வேறு வடிவம் இருப்பது வெகு சாதாரணம். ஆகவே தேடும்போது உயிரெழுத்துகள் இருக்கும் இடங்களில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். பல தளங்களில் சவுண்டெக்ஸ் என்ற முறையும் இருக்கும். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த முறை உயிரெழுத்தை உதறிவிட்டு மெய்களுக்கு எண் கொடுக்கும். மேலே சொன்ன எல்லா வடிவங்களும் அதில் எம் 623 என்ற ஒரே குறியீட்டில் வந்து விழும். அதன் பலவீனம் முதல் எழுத்து. ஹெச் ஒலியை விழுங்கும் வடக்கத்தியப் பேச்சில் ஹோல்ராய்ட் என்ற பெயரை 'ஓல்ராய்ட்' என்று எழுதிவிட்டால் சவுண்டெக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது.

இப்போது பொருள்

ஊரும் பழைய வடிவங்களும் கையில் இருக்கும்போது அகராதியைத் திறந்தால் அது சொல்வதை எடைபோட முடியும். பி.எச். ரீனியின் பிரிட்டிஷ் குடும்பப் பெயர் அகராதி 1958-இல் வந்தது. இன்றும் அலமாரியில் இருக்க வேண்டிய நூல். ஆனால் இன்று முதலில் பார்க்க வேண்டியது 2016-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டின் நான்கு தொகுதி அகராதி. பேட்ரிக் ஹாங்க்ஸ், ரிச்சர்ட் கோட்ஸ், பீட்டர் மெக்ளூர் மூவரும் தொகுத்தது. 45,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். யார்க்‌ஷயர்ப் பெயர் என்றால் ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் எழுதியவற்றைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். பெயரை அகராதியில் பூட்டி வைக்காமல் வயல்வெளியில் தேடிய மனிதர் அவர். தனிப்பட்ட முறையில் எனக்கு அவர்தான் இந்தத் துறையின் ஆசான்.

ராய்ட் என்றால் காட்டை அழித்துத் திருத்திய நிலம். பழைய ஆங்கிலத்தில் ராட் என்றிருந்த சொல்லை வெஸ்ட் ரைடிங் நாக்கு 'ஆய்' ஒலியோடு நீட்டியது. மக்கள்தொகை பெருகிய 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கால்டர் பள்ளத்தாக்கின் சரிவுகளில் இப்படிக் காடு வெட்டிக் கழனி ஆக்கியவர்கள் ஏராளம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் ஒட்டியது, அந்த நிலத்தில் குடியிருந்தவருக்கு நிலத்தின் பெயர் ஒட்டியது. கருவேலம் நின்ற இடம் என்று தமிழில் நாம் சொல்வதுபோல, ஓக் மரம் நின்ற ராய்ட் அக்ராய்ட் ஆனது. பள்ளத்தில் கிடந்தது ஹோல்ராய்ட். குடிசை போட்டிருந்தது பூத்ராய்ட். பிரிட்டிஷ் மக்களவையின் முதல் பெண் சபாநாயகர் பெட்டி பூத்ராய்ட் அதே வெஸ்ட் ரைடிங்கின் டியூஸ்பரியில் பிறந்தவர். கவிஞர் டெட் ஹியூஸ் 1930-இல் பிறந்த மைதம்ராய்ட், ஹாலிஃபாக்ஸுக்கு மேற்கே இருக்கும் ஊர். பின்னொட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் கூட்டாளிகளைத் தேடிப் பாருங்கள். அவையெல்லாம் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தால் உங்கள் வரைபடம் சரி என்று அர்த்தம்.

முன்பகுதிக்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. ஒன்று, மூர் கேட் ராய்ட்: தரிசு மேட்டுக்குப் போகும் பாதையோரத்து நிலம். வடக்கே கேட் என்பது வைக்கிங்குகள் விட்டுச்சென்ற சொல், பாதை என்று பொருள். அதனால் இந்த விளக்கம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மற்றது, மார்கரெட் என்ற பெண்ணின் ராய்ட். 1379 தலைவரிப் பட்டியலில் பெயரின் வடிவம் 'மெர்கிரெட்ரோட்'. மார்கரெட் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பிற்கால வடிவத்தைப் பிய்த்துப் பொருள் காண்பதைவிட மிகப் பழைய வடிவத்தைக் கேட்பதே முறை. அகராதிக்காரர்களும் மார்கரெட் பக்கம்தான், நானும் அதே பக்கம்.

இதே காரணத்தால் கேலிப் பெயர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஷஃபிள்பாட்டம் என்ற லங்காஷயர்ப் பெயருக்கும் யாருடைய பின்புறத்துக்கும் தொடர்பில்லை. பரி நகருக்கு அருகே ஷிப்பர்பாட்டம் என்ற சிற்றிடம் இருந்தது. ஆடு கழுவும் ஓடை ஓடிய பள்ளத்தாக்கு. இடம் மறைந்துவிட்டது, பெயர் மனிதர்களிடம் தங்கிவிட்டது. அரிய பெயர்களில் இப்படி ஊர் தொலைந்தவை பல. இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் 19-ஆம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே ஆறங்குல வரைபடங்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கும் சேர்த்து இலவசமாக இருக்கின்றன. பண்ணை வீடு ஒவ்வொன்றுக்கும் அதில் பெயர் உண்டு.

எத்தனை பேர், ஏன் இவ்வளவு குறைவு

'உலகில் இத்தனை பேருக்கு இந்தப் பெயர்' என்று எண் கொடுக்கும் இணையதளங்களை அரை நம்பிக்கையோடு படியுங்கள். எந்த ஆண்டு, எந்த நாடு, எந்த எழுத்துக்கூட்டல் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 100 பேருக்குக் குறையாமல் உள்ள பெயர்களைப் பட்டியலாக வெளியிடுகிறது. 2010 பட்டியலில் 1,62,253 பெயர்கள். அதில் உங்கள் பெயர் இல்லை என்றால் அங்கே நூறு பேரும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பெயர்கள் ஏன் அரிதாகின்றன என்பதை 1873-இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணக்குக் கேள்வியாக இதழ் ஒன்றில் போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையிலும் சிலருக்கு ஆண் பிள்ளை இருக்காது. ஒரே ஆளிடம் தொடங்கிய பெயர் அணைந்துபோகும் வாய்ப்பே மிக அதிகம். எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடித்தது பிழை. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் கணக்கின் உயிர் சரி. ஒரு கழனியில் தொடங்கி 600 ஆண்டு தாண்டி நிற்கும் மர்கட்ராய்ட் விதிவிலக்கு.

வேண்டுமென்றே உதறியவர்களும் உண்டு. 1862-இல் ஜோஷுவா பக் என்பவர் மூட்டைப்பூச்சியை நினைவூட்டும் தன் பெயரை நார்ஃபோக் ஹோவர்ட் என்று பிரபுத்தனமாக மாற்றிக்கொண்டு 'தி டைம்ஸ்' நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். லண்டன்வாசிகள் அன்றிலிருந்து மூட்டைப்பூச்சியையே நார்ஃபோக் ஹோவர்ட் என்று அழைக்கத் தொடங்கினார்கள். உங்கள் தடம் ஒரு தலைமுறையில் திடீரென்று அறுந்தால், 1760 முதல் 1901 வரையிலான பெயர் மாற்றங்களுக்கு ஃபிலிமோரும் ஃப்ரையும் 1905-இல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள்.

பிரபலம் என்பது வேறு கணக்கு. 1887 ஜனவரி 22-இல் சவாய் அரங்கில் மேடையேறிய கில்பர்ட், சல்லிவனின் 'ரடிகோர்' இசை நாடகத்தில் சாபம் பெற்ற பிரபுக்கள் எல்லாரும் மர்கட்ராய்டுகள். அகதா கிறிஸ்டியின் 1950 நாவலான 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'-இல் ஒரு மிஸ் மர்கட்ராய்ட் வருகிறார். 1944-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் பெர்ட் லார் வியப்பொலியாகச் சொன்ன இந்தப் பெயரை, ஹன்னா-பார்பெராவின் ஸ்னாகில்பஸ் என்ற கார்ட்டூன் மலைச்சிங்கம் அமெரிக்க வீடெங்கும் கொண்டுபோனது. பெயரை வைத்திருந்தவர்களைவிட அதை உச்சரித்தவர்கள் பல மடங்கு. தேடுகிறவருக்கு இதனால் ஒரு தொல்லை: பழைய நாளிதழ்த் தொகுப்புகளில் 1887-க்குப் பின் தேடினால் நாடக விமர்சனங்கள் குவிந்துவிடும். தேடலில் ஹாலிஃபாக்ஸ் என்று ஊரையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேடயமும் மரபணுவும்

'உங்கள் குடும்பப் பெயரின் கேடயச் சின்னம்' என்று சட்டம் போட்டு விற்கும் கடைகளில் காசைக் கரைக்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல. வழங்குவது 1484-இல் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்.

மரபணுச் சோதனைக்குச் செலவிடுவதில் அர்த்தம் உண்டு, அதுவும் அரிய பெயருக்கு. தந்தை வழியில் போகும் ஒய் குரோமோசோமும் குடும்பப் பெயரும் ஒரே பாதையில் பயணிப்பவை. பிரையன் சைக்ஸ் 2000-இல் தன் பெயரையே உடைய 48 ஆண்களைச் சோதித்தார். கிட்டத்தட்டப் பாதிப்பேரிடம் ஒரே வகை. லெஸ்டரில் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டதில் இது இன்னும் தெளிவானது: பெயர் அரிதாக ஆக, ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும் விகிதம் ஏறுகிறது. ஸ்மித்தில் அப்படி எதுவும் இல்லை, அட்டன்பரோவில் மிகப் பெரும்பாலோர் ஒரே கொத்து. சேராதவர்கள் மனம் உடைய வேண்டியதில்லை. சுவீகாரம், தாய் பெயரில் வளர்ந்த பிள்ளை, மறுமணம் என்று 600 ஆண்டில் எத்தனையோ நடந்திருக்கும்.

மெட்ராஸ் பதிவேட்டில் பெயர் இருந்தால்

நம் பக்கத்திலிருந்து தேடுகிறவர்கள் பலர் ஓர் ஆங்கிலோ இந்திய மூதாதையிலோ கல்லறைக் கல்லிலோ தொடங்குவார்கள். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் தொகுத்த மெட்ராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் முதல் உதவி. அடுத்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மெட்ராஸின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் அங்கே என் 2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் ஒரு பகுதியை இலவசமாகத் தேடலாம். பெயர் ஆங்கிலப் பெயர் என்பதாலேயே இரத்தமும் அங்கிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் கால்டுவெல், போப் என்ற பெயர்களைத் தாங்கியவர்கள் மிஷனரிகள் மேல் உள்ள மரியாதையால் அவற்றை ஏற்றவர்கள்.

சிப்பாயோ ரயில்வே ஊழியரோ, இங்கிலாந்தில் அவர் பிறந்த திருச்சபை வட்டாரத்தின் பெயர் கிடைத்துவிட்டால் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். மர்கட்ராய்டு என்றால் ஹாலிஃபாக்ஸிலுள்ள வெஸ்ட் யார்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தின் கால்டர்டேல் கிளை. 'எங்கள் குடும்பத்தைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்' என்ற கடிதத்துக்குப் பொதுவான ஒரு கையேட்டை அனுப்பி முடித்துவிடுவார்கள். ஒரு பெயர், அதன் மாற்று வடிவங்கள், ஓர் ஊர்ப் பிரிவு, பத்தாண்டுக்கு மிகாத கால எல்லை, எந்தப் பதிவேடு என்று ஐந்து விவரத்தோடு எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.